எந்தத் தேதியைச் சொன்னாலும் அதன் கிழமையைச் சொல்வேன்

அன்றாட வாழ்க்கைக்குப் பெரிதாகப் பயன்படாத, ஆனால் உங்களுக்கு நன்றாகக் கைவந்த விசித்திரமான திறமை எது என்று கேட்டிருக்கிறீர்கள். கடந்த சில நூற்றாண்டுகளுக்குள் எந்தத் தேதியைச் சொன்னாலும், காகிதமோ கைப்பேசியோ இல்லாமல், அது என்ன கிழமை என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுவேன். பள்ளி நாட்களில் தொடங்கிய பழக்கம் இது. இன்று வரை விடவில்லை.

இதில் நினைவாற்றல் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை பன்னிரண்டு எண்கள் மட்டுமே: 033, 614, 625, 035. சனவரிக்கு 0, பிப்ரவரிக்கு 3, மார்ச்சுக்கு 3, ஏப்ரலுக்கு 6 என்று வரிசையாக டிசம்பர் வரை இவை போகும். ஒரு மாதம் பிறப்பதற்கு முன் அந்த ஆண்டில் கழிந்துவிட்ட நாட்களை ஏழால் வகுத்தால் கிடைக்கும் மீதியே அந்த மாதத்தின் எண். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை எடுத்துக்கொண்டு, அதில் கால் பங்கைப் பின்னம் நீக்கிச் சேர்த்து, மாத எண்ணையும் தேதியையும் கூட்டி, ஏழால் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். 15-8-1947 என்றால் 47, அதில் கால் பங்கு 11, ஆகஸ்டுக்கு 2, தேதி 15; மொத்தம் 75. எழுபது போக மீதி 5. ஞாயிற்றுக்கு 0 என்று வைத்து எண்ணினால் ஐந்து வெள்ளிக்கிழமையாகும். நாடு விடுதலை பெற்றது வெள்ளிக்கிழமை. அதே முறையில் 26-1-1950-க்குக் கூட்டுத்தொகை 88, மீதி 4. குடியரசு பிறந்தது வியாழக்கிழமை. 2000 முதலான ஆண்டுகளுக்கு ஒன்றைக் கழிக்க வேண்டும்; லீப் ஆண்டின் சனவரி, பிப்ரவரிக்கும் ஒன்றைக் கழிக்க வேண்டும். இருபதாம், இருபத்தோராம் நூற்றாண்டுகளுக்கு விதிகள் இவ்வளவுதான், மற்றதெல்லாம் பழக்கத்தால் வரும் வேகம்.

வேறு வழிகளும் உண்டு. கணித அறிஞர் ஜான் கான்வே 1973-இல் வகுத்த முறை இவற்றுள் மிகவும் புகழ் பெற்றது. ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்ட் 8, அக்டோபர் 10, டிசம்பர் 12 ஆகிய ஐந்தும் எந்த ஆண்டிலும் ஒரே கிழமையில்தான் வரும் என்பதை அச்சாக வைத்துச் சுழல்வது அந்த முறை. தம் கணினியைத் திறக்கும்போதெல்லாம் அது சில தேதிகளைக் கொடுத்துக் கிழமை கேட்கும்படி அவர் அமைத்து வைத்திருந்தார். உலகின் தலைசிறந்த கணித மூளைகளுள் ஒன்று இந்தச் சிறிய காரியத்துக்காக நாள்தோறும் பயிற்சி செய்தது என்பது எனக்கு என்றும் ஊக்கம் தரும் செய்தி. ஆயினும் கேட்ட வேகத்தில் விடை சொல்ல எனக்கு உகந்தது மாத எண் முறையே. நம் அவதானக் கலையிலும் தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பது ஓர் அங்கமாக இருந்துள்ளது. அவதானிகள் அதனோடு கூடவே பிறர் தரும் ஈற்றடிக்கு வெண்பா பாடுவது, முதுகில் விழும் பூக்களை எண்ணுவது என்று பலவற்றை ஒரே நேரத்தில் செய்தவர்கள். அவர்கள் செய்ததில் ஒரே ஓர் இழையைத்தான் நான் பிடித்து வைத்திருக்கிறேன்.

தொடர்ந்து கணக்கிட்டு வருகிறவருக்கு நாட்காட்டியின் உள்ளமைப்பு மெல்லப் புலப்படத் தொடங்கும். 1947-ஆம் ஆண்டின் நாட்காட்டியும் 1958, 1969, 1975, 1986, 1997, 2003, 2014, 2025 ஆகிய ஆண்டுகளின் நாட்காட்டியும் கிழமைக்குக் கிழமை ஒன்றே. இந்த வரிசையில் இடைவெளி பதினொன்று, பதினொன்று, ஆறு என்று மாறி மாறி வந்து 28 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிகிறது. இன்று நாம் பின்பற்றும் கிரிகோரியன் முறைப்படி 400 ஆண்டுகளுக்கு 1,46,097 நாட்கள். அது மிகச் சரியாக 20,871 வாரங்கள். ஆகவே நானூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிழமைகள் அனைத்தும் மாறாமல் திரும்பி வருகின்றன. இதனால் ஒரு வியப்பான விளைவு உண்டு: இரண்டு சுழியங்களில் முடியும் ஆண்டின் சனவரி முதல் தேதி திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் இருக்க முடியும், ஞாயிறாகவோ செவ்வாயாகவோ வியாழனாகவோ ஒருபோதும் வராது. இதை யாரும் சொல்லித் தராமல் கணக்கின் வழியே நானே கண்டடைந்தபோது அடைந்த மகிழ்ச்சி பெரிது.

கைப்பேசியில் இரண்டு தட்டு தட்டினால் வரும் விடைக்கு மனக்கணக்கு எதற்கு என்று கேட்டால், தேவையில்லை என்பதே நேர்மையான பதில். ஆனால் இந்தத் திறமைக்குப் பெரியவர்களிடம் ஒரு தனி மதிப்பு உண்டு என்பதைக் கண்டிருக்கிறேன். முந்தைய தலைமுறையினர் பலருக்கு ஆங்கிலத் தேதி நினைவில் நின்றதில்லை, கிழமை நின்றது. ஆண்களுக்குச் சனி, பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி என்று எண்ணெய்க் குளியல். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு காசு கொடுக்காத வழக்கம். உள்ளூர்ச் சந்தை கூடும் நாள் என்று வாழ்க்கையே கிழமைகளால் கட்டப்பட்டிருந்தது. தேதியோ பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தாமாக எழுதிக்கொண்ட ஒன்றாகப் பல வீடுகளில் இருந்தது. சூன் மாதத்தில் பள்ளி திறக்கும் என்பதால், வயது சரியாக வரும்படி சூன் முதல் தேதியே பிறந்த நாளாகப் பதிவான பெரியவர்களை இன்றும் ஊர்தோறும் காணலாம்.

என் அத்தையும் அவர்களுள் ஒருவர். அவருடைய சான்றிதழில் 1-6-1947 என்று இருக்கிறது, அது ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அப்பத்தா உயிரோடு இருந்தவரை, “காந்தியச் சுட்டுட்டாங்கன்னு ஊரே அழுதுக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு அடுத்த செவ்வாக்கெழம நீ பொறந்தடி” என்றுதான் சொல்லி வந்திருக்கிறார். அத்தைக்கு அது வெறும் பேச்சாகவே இருந்தது. காந்தியடிகள் சுடப்பட்ட 30-1-1948 வெள்ளிக்கிழமை. எனவே அடுத்த செவ்வாய் பிப்ரவரி 3. இதை நான் சொன்னபோது அத்தை, “அப்ப எனக்குன்னு ஒரு தேதி இருக்குல்லப்பா” என்றார். ஓய்வூதியத் தாள்களில் எதுவும் மாறாது. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பிப்ரவரி 3 அன்று வீட்டில் பாயசம் வைக்கிறார்கள்.

கிழமையின் மீது எனக்குள்ள ஈடுபாட்டுக்கு இன்னொரு காரணம், தேதிகள் குழம்பும் இடத்திலும் அது குழம்புவதில்லை என்பது. போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. ஆனால் வியாழனுக்குப் பின் வெள்ளிதான் வந்தது. பிரிட்டிஷார் அந்தத் திருத்தத்தை 1752-இல்தான் ஏற்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அதுவரை புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த தேதிக்கும் சென்னையில் ஆங்கிலேயர் வைத்திருந்த தேதிக்கும் பதினொரு நாள் வேறுபாடு இருந்தது. 1746-இல் பிரெஞ்சுப் படையிடம் சென்னை வீழ்ந்த நாள் ஒரு தரப்புக்குச் செப்டம்பர் 21, மற்றத் தரப்புக்குச் செப்டம்பர் 10. இரண்டையும் அவ்வவற்றுக்குரிய முறையில் கணக்கிட்டால் புதன்கிழமை என்றே வருகிறது. தோற்றவரும் வென்றவரும் தேதியில் ஒத்துப்போகாவிட்டாலும் கிழமையில் ஒத்துப்போயிருக்கிறார்கள். அக்காலத்தில் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதி வந்த ஆனந்தரங்கப் பிள்ளை, தமிழ் ஆண்டு, மாதம், தேதியோடு கிழமையையும் குறித்து வந்தவர். அவருடைய குறிப்புகளைப் படிக்கும்போது கிழமையைச் சரிபார்க்காமல் என்னால் அடுத்த பத்திக்குச் செல்ல முடிவதில்லை.

இந்தச் சரிபார்ப்பைப் பெரும் ஆய்வாகவே செய்தவர், பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராகவும் இருந்த சுவாமிக்கண்ணுப் பிள்ளை. கி.பி. 700 முதல் 1799 வரையிலான நாட்களுக்குத் திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றைத் தரும் அவருடைய பெருநூல் 1922-இல் வெளிவந்தது. கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டும் மாதமும் திதியும் நட்சத்திரமும் கிழமையும் இருந்தால், அவை அனைத்தும் ஒருங்கே பொருந்தும் நாளைத் தேடி அதன் காலத்தைத் தீர்மானிக்க முடியும். அவ்வாறே சிலப்பதிகாரத்தில் மதுரை எரியுண்டதாகச் சொல்லப்படும் ஆடி மாதத்துத் தேய்பிறை அட்டமி, கார்த்திகை நட்சத்திரம், வெள்ளிக்கிழமை என்ற குறிப்பை எடுத்துக்கொண்டு, அது கி.பி. 756 ஜூலை 23-க்குப் பொருந்துவதாக அவர் கணித்தார். காப்பியத்தின் காலத்தை இதைக் கொண்டு முடிவு செய்வதைப் பல அறிஞர்கள் ஏற்கவில்லை. ஒரு கவிஞர் வைத்த நாட்குறிப்பு உண்மையில் நிகழ்ந்த ஒரு நாளையே சுட்ட வேண்டும் என்பதில்லை என்பதால், எனக்கும் அந்தத் தயக்கம் சரியாகவே படுகிறது.

இருந்தாலும் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கிரிகோரியின் திருத்தத்துக்கு முன் வழங்கிய ஜூலியன் நாட்காட்டியில் எட்டாம் நூற்றாண்டுக்கு 4 சேர்க்க வேண்டும். 56, அதில் கால் பங்கு 14, ஜூலைக்கு 6, தேதி 23, நூற்றாண்டுக்கு 4, மொத்தம் 103. தொண்ணூற்றெட்டு போக மீதி 5, வெள்ளிக்கிழமை. கிழமை மட்டும் பொருந்துவது ஏழில் ஒரு முறை தற்செயலாகவே நேரக்கூடியது. திதியும் நட்சத்திரமும் உடன் பொருந்துவதில்தான் அவருடைய கணிப்பின் வலு இருக்கிறது. அவ்விரண்டையும் மனக்கணக்காகச் சொல்லும் ஆற்றல் எனக்கு இன்னும் வரவில்லை. திதியிலிருந்து தொடங்கி அதைக் கற்று வருகிறேன்.