காட்டுக்குள் மான் கொம்பை அறுத்தெடுக்க எடை குறைந்த வாள் எது?

கேள்வி: கனடாவின் அல்பேர்ட்டாவில் வசிக்கும் என் அண்ணன் அனுமதிப் பத்திரத்துடன் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர். வாகனம் போகாத மலைக்காட்டில் கொம்பை அறுத்தெடுப்பதற்கு, முதுகுப்பையில் பாரம் தெரியாத ஒரு வாளைக் கொழும்பில் வாங்கி வரச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

ஒன்பது அங்குல பைமெட்டல் (இருவகை உருக்கு இணைத்துச் செய்த) ரெசிப்ரோ பிளேட் இரண்டும், அதைக் கையால் பிடித்து அறுப்பதற்கான ஒரு சிறு கைப்பிடியும் வாங்கிக்கொண்டு போங்கள். முன்னும் பின்னும் அசைந்து அறுக்கும் மின்வாளில் பூட்டுவதற்கென்று செய்யப்பட்ட பிளேட்தான் அது. ஆனால் கைப்பிடியில் பூட்டினால் எலும்புக்கு மிக நல்ல கைவாளாகிவிடும். நான் வேட்டைக்காரன் அல்லன். பழைய சோனகத் தெருவில் கருவி விற்கும் கடையொன்றில் நெடுங்காலமாக வேலை செய்கிறவன். எலும்பு அறுக்கும் பிளேட்டுகளைப் பற்றி இறைச்சிக் கடைக்காரர்கள் சொல்லும் முறைப்பாடுகளைக் கேட்டும், மாட்டுக் கால் எலும்பில் நானே அறுத்துப் பார்த்தும், கனடாவில் வேட்டைக்குப் போகும் உறவினர்களிடம் விசாரித்தும் அறிந்ததையே எழுதுகிறேன்.

வாளைத் தெரிவதற்கு முன், அண்ணன் எந்த வெட்டை வெட்டப் போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொம்பு தலையோடு சேரும் இடத்தில் ஒரு வளையம் போன்ற தடிப்பு இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே, மண்டையிலிருந்து எழும் எலும்புத் தண்டைக் குறுக்கே அறுத்தால் இரண்டு கொம்பும் தனித்தனியாக வந்துவிடும். இதற்கு எந்தச் சிறிய வாளும் போதும். ஆனால் கொம்புகளைச் சுவரில் மாட்டவோ அளவெடுத்துப் பதியவோ விரும்புகிறவர்கள் மண்டையோட்டின் மேற்பகுதியோடு சேர்த்தே எடுப்பார்கள். தலையின் பின்புறத்திலிருந்து கண்குழிகளை நோக்கி ஒரு வெட்டு, நெற்றிப் பக்கமிருந்து கண்குழிகளின் ஊடாகக் கீழ்நோக்கி இன்னொரு வெட்டு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் தகடு பிரிந்து வரும். வேட்டைக் கொம்புகளை அளந்து பதியும் அமெரிக்கக் கழகம் ஒன்று உண்டு. 1887இல் தொடங்கப்பட்ட அந்தப் பூன் அண்ட் குரொக்கெட் கழகத்தின் அளவு முறையில் கொம்புகளுக்கிடையேயான அகலமும் கணக்கில் சேருவதால், மண்டை பிளந்துபோன சோடியை அவர்கள் ஏற்பதில்லை. ஆகவே அந்த ஆசை இருந்தால் தனித்தனியாக அறுக்கும் வழி இல்லை.

எல்க் மானின் மண்டை அகலமானது. அங்கேதான் இரும்பு அறுக்கும் சட்டக் கைவாளான சாதாரண ஹெக்சோ தோற்றுப்போகிறது. பிளேட் நன்றாக அறுக்கும், ஆனால் மேலே வளைந்து வரும் சட்டம் நான்கு விரற்கடை ஆழம் போவதற்குள் எலும்பிலோ கொம்பிலோ போய் முட்டிவிடும். பிறகு திருப்பிப் பிடித்து மறுபக்கத்திலிருந்து அறுக்க, இரண்டு வெட்டும் ஒன்றோடொன்று சேராமல் கோணிப்போகும். ரெசிப்ரோ பிளேட்டுக்குச் சட்டமே இல்லாததால் எவ்வளவு ஆழமும் போகலாம். ஆறு அங்குலம் போதாது, இழுப்பதற்கு இடமிருக்காது. பன்னிரண்டு அங்குலம் கையில் நெளியும். ஒன்பதை வைத்துக்கொண்டு, முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் அறுக்க முனையாமல், ஒரு மூலையிலிருந்து சாய்வாகத் தொடங்கி மறுமூலைக்குப் போவதே வசதி. தடிப்பிலும் கவனம் தேவை: 0.9 மில்லிமீற்றர் பிளேட் வளைந்துகொடுக்கும், 1.3 மில்லிமீற்றர் தடிப்பு நேராக நிற்கும்.

பல்லின் எண்ணிக்கை இதைவிட முக்கியமானது. அறுபடும் பொருளுக்குள் எந்த நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது இருக்க வேண்டும் என்பது ஹெக்சோவுக்குச் சொல்லப்படும் பழைய விதி. இல்லாவிட்டால் பல் கொளுவி இழுபடும், சிலவேளை முறியும். மண்டையோடு கொம்படியில் தடித்தும் மற்ற இடங்களில் மெலிந்தும் இருப்பதால், விறகு அறுக்கும் அகலப் பல் அங்கே துள்ளும். அதற்காக இரும்பு அறுக்கும், அங்குலத்துக்கு 24 பல் கொண்ட பிளேட்டை வாங்கினால் வேறு தொல்லை வரும். எங்களிடம் பிளேட் வாங்க வரும் இறைச்சிக் கடைக்காரர் ஒருவர், "தம்பி, பல்லு நெருக்கமா இருந்தா கொழுப்பு அடைச்சுப்போகும், பிறகு வாள் வழுக்கிக்கொண்டே இருக்கும்" என்று சொல்லித் திருப்பித் தந்துவிடுவார். உண்மைதான், ஈர எலும்பின் துகளும் மச்சையும் கலந்து பல்லிடுக்கில் பசை போல் நிரம்பிவிடும். அங்குலத்துக்கு 10 பல், அல்லது அதை ஒட்டிய அளவு, இரண்டுக்கும் நடுவில் சரியாக நிற்கிறது.

மடக்கு வாள்களைப் பற்றி அண்ணன் கேட்கக்கூடும். சுவீடனின் பாக்கோ லாப்லாண்டர் 190 மில்லிமீற்றர் நீளமும் அங்குலத்துக்கு 7 பல்லும் கொண்டது. ஜப்பானின் சில்கி பொக்கட்போய் 130, 170 மில்லிமீற்றர் நீளங்களில் கிடைக்கிறது. இரண்டுமே கால் கிலோவுக்கு மேல் போகாத, அருமையான வாள்கள், ஆனால் மரத்துக்கானவை. கூடாரத்துக்கு விறகு அறுக்க ஏற்கனவே ஒன்று கொண்டுபோகிறார் என்றால் கொம்படித் தண்டை அதாலேயே அறுத்துவிடலாம், புதிதாக எதுவும் வேண்டியதில்லை. ஜப்பானிய வாளின் பல் மிகக் கடினமாகப் பதப்படுத்தப்பட்டது என்பதால், எலும்புக்குள் முறுக்கினால் நுனி உடையும்.

கம்பி வாள் எல்லாவற்றிலும் எடை குறைந்தது, சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கும். கால்நடை வைத்தியர்கள் மாட்டுக் கொம்பை அறுக்கப் பயன்படுத்துவதும் இதன் இனம்தான். கொம்படித் தண்டுக்கு வேலை செய்யும். மண்டைத் தகட்டுக்கு நேர்வெட்டுத் தராது, சூடேறி அறுந்தால் காட்டில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

எடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வளர்ந்த ஆண் எல்க் மானின் கொம்புச் சோடி மட்டுமே 18 கிலோகிராம் வரை வரக்கூடும். அதோடு தோலும் தாடையுமாக முழுத் தலையையும் சுமப்பதற்கும், தகட்டோடு கொம்பை மட்டும் சுமப்பதற்கும் இடையே பல கிலோ வித்தியாசம் உண்டு. வாளில் ஐம்பது கிராம் குறைக்கப் பார்த்து, வெட்டை முடிக்க முடியாமல் முழுத் தலையோடு மலையிறங்குவதில் என்ன இலாபம்?

ரெசிப்ரோ பிளேட்டை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் நோய். மான் இனங்களைத் தாக்கும் நாட்பட்ட உடல் மெலிவு நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்டது. அல்பேர்ட்டாவின் காட்டு மான்களில் 2005இல் தென்பட்டது. அதைப் பரப்பும் பிரியோன் என்ற புரதம் மூளையிலும் முதுகுத்தண்டிலும் செறிந்திருக்கும், கொதிநீரில் அழியாது. மண்டைத் தகட்டை எடுக்கும் வெட்டு மூளைப்பெட்டியைத் திறந்துவிடுவதால், அந்த வாளால் இறைச்சியைத் தொடக்கூடாது, கையுறை கட்டாயம். கழுவிய பிறகு, வீட்டுப் பாவனைக்கான குளோரின் பிளீச்சும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைக்கும்படி வட அமெரிக்க வனவிலங்குத் துறைகள் சொல்கின்றன. மடக்கு வாளின் மூட்டுக்குள் போன கொழுப்பை எப்படிக் கழுவுவது? பிளேட் என்றால் கழற்றி ஊறவைக்கலாம், மனம் ஒப்பாவிட்டால் எறிந்துவிடலாம். பல இடங்களில் மூளைத் திசு ஒட்டாமல் சுத்தம் செய்த தகட்டை மட்டுமே எல்லை கடத்த அனுமதிக்கிறார்கள். சில பகுதிகளில் தலையைப் பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். தம் பகுதி விதியை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும்.

அறுக்கத் தொடங்குமுன் வெட்டு விழும் கோட்டில் தோலைக் கத்தியால் கீறி விலக்கிவிட வேண்டும். மயிர் பல்லில் சுற்றினால் எந்த வாளும் நின்றுவிடும்.

இந்தப் பிளேட்டைக் குவாரி வீதியிலோ பழைய சோனகத் தெருவிலோ தேடலாம். கைப்பிடி கிடைக்காவிட்டால் பிளேட்டை மட்டும் வாங்குங்கள். பிளேட்டில் பிடிக்குள் பூட்டும் முனை பெரும்பாலும் ஒரே அளவு என்பதால் கனடாவில் வாங்கும் பிடியிலும் பொருந்தும். இந்தப் பிளேட்டின் பல் பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும், அதாவது இழுக்கும்போது அறுக்கும். தள்ளும்போது அழுத்த வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். பழைய தோட்டக் குழாய்த் துண்டொன்றை நீளவாக்கில் பிளந்து பல்லின் மேல் மாட்டி, ஏற்றும் பொதிக்குள் வையுங்கள். கைப்பையில் வைத்தால் கட்டுநாயக்காவிலேயே எடுத்துவிடுவார்கள்.