மேற்குப் பார்த்த வீடு, போர்டிகோவை எந்தப் பக்கம் போடுவது?

கேள்வி: திருச்சி புறநகரில் 40க்கு 60 மனையில் 2012இல் கட்டிய வீடு எங்களுடையது. மேற்குப் பார்த்த வாசல். முன்னால் 10 அடி, வடக்கே 12 அடி, தெற்கே 4 அடி, பின்னால் கிழக்கே 8 அடி இடம் இருக்கிறது. சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் உட்காரவும் ஒரு ஸ்கூட்டர் நிறுத்தவும் போர்டிகோ வேண்டும். வாசலுக்கு முன்னால் காம்பவுண்டு வரைக்கும் இழுத்து கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். வாஸ்து பார்ப்பவர் அங்கே கூடவே கூடாது என்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. “சாயங்காலம் உட்கார” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மேற்கே வேண்டாம். வாசல் அங்கே இருக்கிறது என்பதற்காகப் போர்டிகோவும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

மே மாதம் திருச்சியில் சூரியன் ஆறரை மணி வாக்கில் மறைகிறது. நாலரை மணிக்கு அது தரையிலிருந்து சுமார் 28 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஒன்பதடி உயரத்தில் எட்டடி நீளத்துக்குக் கூரை போட்டாலும் அந்த நேரத்தில் சுவரின் மேல்பாதிக்கு மட்டும்தான் நிழல் கிடைக்கும், கீழே நீங்கள் உட்காரும் நாற்காலி முழுக்க வெயிலில். ஐந்தரைக்குக் கேட்கவே வேண்டாம், கூரைக்கு அடியில் நேராகக் கண்ணுக்குள் வரும். கூரையை இன்னும் நீட்டினால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. மேற்கு வெயில் பக்கத்திலிருந்து வருகிறது, அதைத் தலைக்கு மேல் போடும் கான்கிரீட் தடுக்காது. தட்டியோ, ஓட்டை ஓட்டையாக விட்டுக் கட்டும் ஜாலிச் சுவரோ, மரமோதான் தடுக்கும். அது மட்டுமா, பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவு எட்டு ஒன்பது மணி வரைக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், அதன் கீழே காற்று வாங்க உட்காருவது எப்படி?

பின்பக்கம், அதாவது கிழக்கே, மதியத்துக்கு மேல் வீட்டின் நிழலே விழும். வெயிலை மட்டும் பார்த்தால் அதுதான் நல்ல இடம். ஆனால் ஸ்கூட்டர் போகாது, தெரு தெரியாது, துணி துவைக்கிற இடத்தில் போய் யாரும் சாயங்காலம் உட்காருவதில்லை. தெற்கே நாலடிதான், அதைத் தொட வேண்டாம்.

நான் சொல்வது வடக்கு. வாசலை ஒட்டிய மேற்கு முனையிலிருந்து தொடங்கி, ஏழடி அகலம், பதினாலு பதினைந்து அடி நீளம். மீதி ஐந்தடி மதிலுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே திறந்தே இருக்கட்டும். அங்கிருந்து கேட்டும் தெரியும், தெருவும் தெரியும். வடக்கே வெயிலே வராது என்று பலரும் நினைக்கிறார்கள், நம் ஊருக்கு அது சரியில்லை. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் சூரியன் திருச்சிக்கு நேர் மேலே வந்து, அப்புறம் ஆகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் உச்சி வேளையில் கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அந்த மாதங்களில் சாயங்கால வெயில் வடமேற்கிலிருந்து சாய்வாக உள்ளே வரும். அதனால் போர்டிகோவின் மேற்கு முனையில் மட்டும் ஏழடிக்கும் ஒரு ஜாலிச் சுவர் வைத்துவிடுங்கள். சுவரை ஒட்டி நாற்காலி போட்டால் வெயில் உங்களைத் தொடாது. ஆடி மாதத்து மேல்காற்றும் அதில் பட்டு வேகம் குறையும். முழுச் சுவராக எழுப்பினால் காற்று மொத்தமாக அதன் மேல் மோதும், ஓட்டையுள்ள ஜாலிதான் நல்லது. ஐப்பசி கார்த்திகையில் மழைச்சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும், ஓரத்தில் ரெண்டு மூன்றடி நனையத்தான் செய்யும். தரையை வெளிப்பக்கம் சாய்த்து, வழுக்காத கல் போட்டால் போதும்.

மேற்கே போடலாம் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டுத் தப்பாகக் கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தெருவுக்கு எதிரே ரெண்டு மாடி வீடு இருந்து, நாலு மணிக்கெல்லாம் அதன் நிழல் உங்கள் வாசலில் விழுந்தால் மேற்கும் சரிதான். ஆனால் ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். மார்கழியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து தெற்கே தள்ளி மறையும், ஆனியில் வடக்கே தள்ளி மறையும், ரெண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 48 டிகிரி வித்தியாசம். மார்கழியில் எதிர்வீடு மறைத்த சூரியன் சித்திரையில் அந்த வீட்டுக்கும் பக்கத்து மனைக்கும் நடுவே உள்ள சந்து வழியாக நேராக உங்கள் வாசலுக்கு வரலாம். வெயில் வேண்டாம் என்று நினைக்கிற மாதங்கள் சித்திரை வைகாசிதானே, அந்த மாதங்களில் நாலரைக்கும் ஐந்தரைக்கும் வாசலில் சாக்பீஸால் நிழலின் ஓரத்தைக் கோடு போட்டுப் பாருங்கள். எதிரே இருப்பது காலி மனை என்றால் அங்கே நாளை வீடு வரும், நிழல் வரும் என்று நம்பிக் கட்டாதீர்கள். மரம் என்றால் அது யாருடைய மரம், நாளைக்கும் நிற்குமா என்று கேளுங்கள். இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் மேற்கு.

சரி, இப்போது ஒப்பந்தக்காரர் சொன்னதற்கு வருகிறேன். “காம்பவுண்டு வரைக்கும் இழுத்துவிடலாம்” என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. 2012இல் போட்ட பீமில் ஓட்டை போட்டுக் கம்பியைச் சொருகி, பில்லரே இல்லாமல் பத்தடி நீட்ட முடியாது. அந்த பீம் அதற்காகப் போட்டதில்லை. இப்படிப் பில்லர் இல்லாமல் ஒரு பக்கப் பிடிமானத்தில் நீட்டுவதைக் கான்டிலீவர் என்பார்கள், அதில் முக்கியமான கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன் மேல் ஏறி மிதித்துக் கம்பி கீழே இறங்கினாலே போச்சு. என் சொந்தக்காரர் வீட்டில் இப்படித்தான் ஒரு ஒப்பந்தக்காரர் ஆறடி இழுத்துவிட்டு எட்டாம் நாள் கீழே தாங்கிய முட்டுக்கால்களைப் பிரித்தார். சுவரை ஒட்டி நீளமாக விரிசல் விட்டது, மொத்தத்தையும் இடித்தோம். அந்த நேரத்தில் கீழே யாரும் இல்லை என்பது ஒன்றுதான் நிம்மதி.

அப்படி இல்லாமல் காம்பவுண்டு ஓரத்தில் பில்லர் வைக்கிறேன் என்றால் அது செட்பேக்கில், அதாவது மனையின் ஓரத்தில் கட்டாமல் விட வேண்டிய இடத்தில் வருகிறது. முன்னால் எவ்வளவு விட வேண்டும் என்பது உங்கள் சாலையின் அகலத்தைப் பொறுத்தது, 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. “இப்போ கட்டிக்கலாம், அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம், எனக்கு ஆபீஸில் ஆள் இருக்கு” என்று ஒருவர் வருவார். அவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். விதிமீறலை வரன்முறை செய்யும், அதாவது ரெகுலரைஸ் செய்யும், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு, 2007 ஜூலை 1 வரைக்கும் கட்டிய கட்டடங்களுக்குத்தான். நீங்கள் இனிமேல் கட்டப்போவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொத்து வரி போட்டுவிட்டால் சட்டப்படி ஆகிவிடும் என்பதும் பொய், வரி வேறு அனுமதி வேறு. தகர ஷீட் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதையும் நம்ப வேண்டாம். யாராவது புகார் கொடுத்தால் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும், அந்த ஆளின் பெயருக்கு வராது.

இந்த ஆட்கள் பிழைப்பதற்குக் காரணம் அலுவலகங்கள்தான். ஒரு சாதாரண குடும்பம் தன் வாசலில் ஒரு கூரை போட என்ன விட வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட இத்தனை வருஷமாக ஏன் முடியவில்லை? 2024 ஜூலையில் 2500 சதுர அடிக்குள் உள்ள மனையில் வீடு கட்ட, விதிப்படிதான் கட்டுகிறேன் என்று சொந்தக்காரரே சான்று கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்று முறை வந்தது, நல்ல விஷயம். ஆனால் பழைய வீட்டில் சின்னதாகச் சேர்ப்பவர் கவுன்டரில் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். நீங்கள் வாய்வார்த்தையை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஒரு வரைபடத்தில் போர்டிகோவைக் குறித்து எழுத்தில் கேளுங்கள், வடபக்கம் விடும் ஐந்தடி போதுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

வாஸ்து பார்ப்பவர் சொன்னது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. வடக்கும் கிழக்கும் அவர்களுக்கும் பிடித்த திசைதான், சண்டை வராது. இருக்கும் படியையோ சுவரையோ இடிக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

கட்டும்போது, புதுக் கூரையைப் பழைய வீட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள். நாலு பில்லரில் தனியாக நிற்கட்டும், நடுவே ஒரு அங்குல இடைவெளி விட்டு மேலே தண்ணீர் இறங்காதபடி தகடு அடித்துவிடலாம். பழைய அஸ்திவாரம் இறங்கி முடித்துவிட்டது, புதியது இனிமேல்தான் இறங்கும், ரெண்டையும் பிணைத்தால் சேருமிடத்தில் விரிசல் நிச்சயம். உங்கள் மண் கரிசலாக இருந்தால் பில்லர் குழியின் ஆழத்தைக் கொத்தனார் சொல்லக் கூடாது, இன்ஜினியர் சொல்ல வேண்டும். மின்கம்பி அந்தப் பக்கம் போனால் பக்கவாட்டில் 1.2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தரை மட்டத்தைத் தெருவை விட நன்றாக உயர்த்துங்கள், ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டேதான் போகிறது.

இன்னொன்று, மேற்குப் பார்த்த வீடுகளில் செப்டிக் டேங்கை வடமேற்கு மூலையில் வைப்பது நம் பக்கத்து வழக்கம். நான் சொன்ன இடத்தின் முனை அதுதான். அதன் மேல் பில்லரும் வரக்கூடாது, மூடியைத் திறக்க முடியாதபடி தரையும் போடக்கூடாது. அங்கே இருந்தால் போர்டிகோவை அப்படியே கிழக்கே ஐந்தாறு அடி நகர்த்திக்கொள்ளலாம், வெயில் கணக்கு பெரிதாக மாறாது. வரைபடத்தை நம்பாமல் ஓரிடத்தில் தோண்டி டேங்கின் விளிம்பைப் பாருங்கள், அளவை எழுதி அனுப்புங்கள், பில்லர் எங்கே என்று அப்புறம் குறித்துத் தருகிறேன்.