புதுப் பதவி தருகிறார்கள், ஏற்றுக்கொள்ளலாமா?

கேள்வி: இறையியல் பட்டம் பெற்று, பல ஆண்டுகளாகச் சபை ஊழியத்தில் இருக்கிறேன். எங்கள் சபைப் பிரிவில் பெண்களுக்குக் குருப்பட்டம் கிடையாது. பெண்களின் ஊழிய வாய்ப்புகளை விரிவாக்க இப்போது ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். குருப்பட்டம் இல்லாமல் ‘அர்ப்பணிக்கப்பட்ட ஊழியர்’ என்று தனி நிலை ஒன்றை உருவாக்கலாம் என்று பேச்சு. என்னிடமும் எழுத்தில் கருத்து கேட்டிருக்கிறார்கள். “கிடைப்பதை வாங்கிக்கொள்ளம்மா” என்கிறார் ஆயர். “கொடுத்தால் முழுசாகக் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் வேண்டாம்” என்கிறாள் தோழி. நான் என்ன எழுதுவது?
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, ஆயர் சொல்வதையும் தோழி சொல்வதையும் சற்றுத் தள்ளி வையுங்கள். அந்தப் புது நிலை குருமார் ஏறும் அதே படிக்கட்டில் ஒரு படியா, அல்லது பக்கத்தில் கட்டித் தரும் தனி அறையா? முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

இங்கிலாந்துத் திருச்சபையில் இரண்டுமே நடந்திருக்கிறது. அங்கே 1862-லேயே பெண்களுக்கு ‘டீக்கனஸ்’ என்ற பதவி வந்துவிட்டது. மரியாதையான பதவிதான், உழைப்பும் ஏராளம். ஆனால் அவர்கள் குருமார் வரிசையில் சேர்த்தி இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே ஓடியது. 1987-ல் பெண்களை டீக்கன்களாக அபிஷேகம் செய்தார்கள். ஆண்கள் குருவாவதற்கு முன் ஏறும் முதல் படியும் அதுதான். ஏழே ஆண்டுகளில், 1994-ல், பெண்கள் குருக்களானார்கள். 2015-ல் முதல் பெண் பேராயர் வந்தார். பெண்கள் செய்த வேலை ஒரே இரவில் மாறிவிடவில்லை. நின்ற இடம் மாறியது.

பட்டத்தைக் கொடுத்துவிட்டு உரிமையை நிறுத்திவைப்பதும் உண்டு. அமெரிக்காவில் மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபை 1924-ல் பெண்களுக்கு உள்ளூர் ஊழியர்களாக அபிஷேகம் தந்தது. ஆனால் ஊழியர்களுக்குப் பணியிடம் தரும் மன்றமான கான்பரன்ஸில் உறுப்பினராகும் உரிமையைத் தரவில்லை. அந்த அமைப்பில் உறுப்பினராக இருந்தால்தான் பணியிடம் உறுதி. அபிஷேகம் பெற்றும், ‘எனக்கு ஒரு சபை கொடுங்கள்’ என்று கேட்க முடியாத நிலை. முழு உரிமை வந்தது 1956-ல்.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் கதை இன்னும் விசித்திரம். அதை நிறுவியவர்களில் முக்கியமானவர் எலன் ஒயிட் என்ற பெண்மணி. ஆனால் பெண்களுக்கு அபிஷேகம் செய்வதைப் பற்றி அந்தந்தப் பகுதிச் சபைகளே முடிவு செய்துகொள்ளலாமா என்ற கேள்வி 2015-ல் உலக மாநாட்டுக்கு வந்தபோது, 1,381-க்கு 977 என்று தோற்றது. பல இடங்களில் பெண்கள் அபிஷேகத்துக்குப் பதிலாக வேறொரு நியமனச் சான்றோடு, ஆயர் செய்யும் வேலை கிட்டத்தட்ட எல்லாவற்றையும் செய்கிறார்கள்.

ஆகவே கமிட்டியிடம் பெயரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த ஊழியர் இன்னோர் ஆயர் பக்கத்தில் நிற்காமல் ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்கலாமா? ஒரு சபைக்குத் தனிப் பொறுப்பு ஏற்கலாமா? சபையின் ஆட்சி மன்றமான சினாட்டில் அவர் ஓட்டு குருமார் பக்கமா, சபையார் பக்கமா, அல்லது எங்குமே இல்லையா? சம்பளமும் ஓய்வூதியமும் ஆயருக்கு உள்ளதுதானா? நாளை குருப்பட்டம் திறந்தால் இந்த ஆண்டுகள் கணக்கில் சேருமா? பதில்கள் சபைச் சட்டத்தில் எழுத்தாக வரவேண்டும் என்று கேளுங்கள். ‘அதெல்லாம் அன்பின் அடிப்படையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் உஷாராக இருங்கள். அன்பு நல்லதுதான், ஆனால் ஆயர் மாற்றலாகிப் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

வேத வசன விவாதம் கட்டாயம் வரும். எதிர்ப்பவர்கள், பெண் உபதேசிக்கக் கூடாது என்னும் 1 தீமோத்தேயு 2:12-ஐ எடுப்பார்கள். நீங்கள் ரோமர் 16-ல் வரும் சபை ஊழியக்காரி பெபேயாளையும், அப்பொல்லோவுக்குப் போதித்த பிரிஸ்கில்லாளையும் சொல்வீர்கள். இரு தரப்புக்கும் இது மனப்பாடம். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். மீதி இடத்தில் நீங்கள் இப்போதே செய்து வருவதை எழுதுங்கள்: பிரசங்கம், ஆயத்த வகுப்பு, துக்க வீட்டு ஜெபம், மருத்துவமனைச் சந்திப்பு. நீங்கள் ஆயத்தம் செய்து, பதிவேட்டில் வேறொருவர் கையெழுத்திட்டவற்றையும் விட்டுவிடாதீர்கள். ‘இது வெளிநாட்டு விவகாரம்’ என்று யாராவது முணுமுணுத்தால், தென்னிந்தியத் திருச்சபையில் 2013-ல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானதை நினைவுபடுத்துங்கள்.

இன்னொன்று, பெண்கள் ஊழியம் என்றாலே ஆயர்களைத்தான் சம்மதிக்க வைக்க வேண்டும் என்று நினைக்கிறோம். இங்கிலாந்தில் 2012-ல் பெண் பேராயர் தீர்மானத்தைப் பேராயர்களும் குருமாரும் நிறைவேற்றினார்கள். சபையார் மன்றத்தில்தான் ஆறு ஓட்டுக் குறைவில் விழுந்தது. எதிர்த்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். உங்கள் சபையின் பிரதிநிதிகள் யார், அவர்களில் யாருக்குத் தயக்கம் என்று பாருங்கள். நேரில் போய்ப் பேசுங்கள், முதலில் அவர்கள் பயத்தைக் கேளுங்கள்.

சரி, பதில்கள் பாதி ஆமாம், பாதி இல்லை என்று வந்தால்? திருவிருந்துக்கும் ஓட்டுக்கும் வழி இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றவற்றை மறுபடி பரிசீலிக்க ஒரு தேதியைத் தீர்மானத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டும் இல்லை என்றால் உங்கள் தோழி சொன்னதே சரி. அப்போதும் ஊழியத்தை விட வேண்டாம், அந்தப் பட்டத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்பதையும் கமிட்டிக்கு எழுதிக் கொடுங்கள், அது கோப்பில் இருக்கட்டும்.