சைனா பொம்மை வாங்கலாமா?

கேள்வி: பேரனுக்கு 3 வயது. பாரிமுனைப் பக்கம் ஒரு பேட்டரி கார் பார்த்தேன், விலையும் குறைவு. மருமகள் "சைனா பொம்மையா, வேண்டவே வேண்டாம் அத்தை" என்கிறாள். அவ்வளவு பயம் தேவையா?
- வாசகி, கொளத்தூர்

பதில்: மருமகளின் பயம் சும்மா வந்ததில்லை. 2007-ல் பெயின்டில் ஈயம் இருந்ததால், சீனாவில் தயாரான பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி. மறு வருடம் சீனாவில் பால்பவுடரில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்து குழந்தைகள் இறந்தன, சீனப் பால் பொருட்களுக்கு நம் அரசு தடையே போட்டது. அதெல்லாம் இன்னும் ஜனங்கள் மனதில் இருக்கிறது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், 'மேட் இன் சைனா' என்று அச்சடித்திருந்தால் முகம் சுளிக்கிறவர்களே, ஒரு எழுத்துகூட இல்லாத கவரில் வருகிற பொம்மையை, நூறு ரூபாய் குறைவு என்றதும் எங்கே செய்தது என்றுகூடக் கேட்காமல் வாங்கிப்போகிறார்கள். எனக்கு அந்தக் கவர்தான் பயம்.

2021 ஜனவரி 1 முதல் இங்கே விற்கிற பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், இறக்குமதிக்கும் சேர்த்துத்தான். வெறும் முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால், அதன் கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கிற அரசு அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டுப் பாருங்கள், யாருக்குக் கொடுத்த லைசென்ஸ், இப்போதும் செல்லுமா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். அப்புறம் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறதா? பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது தொண்டைக்குக் கீழே சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஃபாரின் சாக்லேட், பிஸ்கட்?
- வாசகர், மண்ணடி

பதில்: முறையாக இறக்குமதியானதென்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லைசென்ஸ் எண், சைவமா அசைவமா என்ற குறி எல்லாம் ஸ்டிக்கரிலாவது இருக்கும். இல்லையென்றால், வயிற்றைக் கெடுத்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஆனால் ஃபாரின் என்றாலே சந்தேகம், நம்மூர் என்றால் சுத்தம் என்றும் நினைக்காதீர்கள். 2024 ஏப்ரலில் நம் நாட்டு மசாலாப் பொடிகள் சிலவற்றில் புற்றுநோய் வரவழைக்கக்கூடிய எத்திலீன் ஆக்சைடு என்ற ரசாயனம் இருக்கிறதென்று ஹாங்காங் விற்பனையை நிறுத்தச் சொன்னது. அங்கே நம்முடையதுதானே ஃபாரின் சரக்கு!