பழைய அம்பிளிஃபயருக்குத் தனியான டிஏசி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் பழைய ஸ்டீரியோ அம்பிளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் இருப்பதாகவும், மடிக்கணினியிலும் தொலைக்காட்சியிலும் வரும் பாட்டை அவற்றில் கேட்க விரும்புவதாகவும் எழுதி, எந்தச் சிப் உள்ள டிஏசியை (டிஜிட்டல் ஒலியை அம்பிளிஃபயருக்கு ஏற்ற அனலொக் சமிக்ஞையாக மாற்றும் கருவியை) தெரிவு செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சிப்பின் பெயரை விட, கருவியின் பின்பக்கத்தில் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்பதே உங்களுக்கு முக்கியம்.

இறுவட்டின் 16 பிட் ஒலிக்கு, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையில் ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சு உண்டு. இன்று நடுத்தர விலையில் வரும் நல்ல டிஏசிகளே அதைத் தாராளமாகத் தாண்டிவிடுகின்றன. 2020 ஒக்டோபரில் டிஏசி சிப் செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் ஜப்பான் தொழிற்சாலை எரிந்து சிப்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சில தயாரிப்பாளர்கள் தங்கள் கருவிகளை இஎஸ்எஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் சிப்புக்கு மாற்றி வடிவமைத்துத் தொடர்ந்து விற்றார்கள். மின்வழங்கலும் வெளியீட்டுச் சுற்றும் ஒழுங்காக அமைந்திருந்தால், எந்தச் சிப் உள்ளே இருக்கிறது என்பதைக் காதால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆகவே பெட்டியில் அச்சிட்டிருக்கும் 768 கிலோஹேர்ட்ஸ் போன்ற மாதிரியெடுப்பு வேக எண்களுக்காக மேலதிகமாகப் பணம் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு யூஎஸ்பி, ஒப்டிகல் ஆகிய இரண்டு உள்ளீடுகளும் கட்டாயம் தேவை. தொலைக்காட்சியை ஒப்டிகல் வழியாக இணைத்து, அதன் ஒலி அமைப்பில் பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்பதைத் தெரிவு செய்யுங்கள். டொல்பி என்ற சுருக்கிய வடிவிலேயே அனுப்பினால், சாதாரண ஸ்டீரியோ டிஏசியால் அதைப் பிரித்தறிய முடியாததால் ஒலி வராது, அல்லது வெறும் இரைச்சல் வரும். மடிக்கணினியை யூஎஸ்பியில் இணைத்து, சார்ஜரையும் செருகியவுடன் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற இரைச்சல் எழுந்தால், டிஏசி பழுது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. கணினியும் அம்பிளிஃபயரும் வெவ்வேறு வழிகளில் நிலத்தொடுப்புப் பெறும்போது, கம்பிகளின் ஊடாக ஒரு சுற்று உருவாகி அந்த இரைச்சல் வரும். சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றுவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒப்டிகல் கம்பியில் ஒளி மட்டுமே செல்வதால் அந்தத் தொல்லை அதில் இல்லை.

வெளியீடு 2 வோல்ட் அளவில் இருந்தால் போதும். அதை அம்பிளிஃபயரின் ஓக்ஸ், சிடி, டேப் ஆகிய துளைகளில் ஒன்றில் கொடுங்கள். ஃபோனோ துளையில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். இசைத்தட்டு ஊசியின் மிக நலிந்த சமிக்ஞைக்காக அமைந்த அந்த உள்ளீடு, வந்ததை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்கி, தாழ்ந்த சுரங்களை இன்னும் உயர்த்திவிடும். கனடாவிலிருந்து உறவினர் யாராவது கொண்டுவந்து தருவதாக இருந்தால், மின் உள்ளீடு 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த கருவியை நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அது எரிந்துவிடும்.

கடையில் இரண்டு டிஏசிகளை ஒப்பிடும்போது, இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கும்படி சரிசெய்து தரச் சொல்லுங்கள், ஏனெனில் சற்றுக் கூடுதலாக ஒலிப்பதே நல்லதென்று காது நினைத்துக்கொள்ளும். அப்படிக் கேட்டும் வேறுபாடு தெரியாவிட்டால் விலை குறைந்ததை வாங்கி, மிச்சப் பணத்தை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள்; ஓடு பதித்த தரையும் வெறும் சுவருமாக உங்கள் அறை எதிரொலித்தால், அதற்கு முன்பே ஒரு தடித்த கம்பளமும் திரைச்சீலையும் வாங்கிவிடுங்கள்.