சரிவு நிலத்துக்குச் ‘சால்ட்’: உப்பல்ல, உயிர்வேலி

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் அரை ஏக்கர் சரிவு நிலத்தில் போஞ்சியும் உருளைக்கிழங்கும் செய்கிறேன். ஒவ்வொரு பெரும்போக மழைக்கும் மேல்மண் ஓடைக்குப் போய்விடுகிறது. பயிற்சி வகுப்பொன்றில் ‘சால்ட்’ முறை செய்யச் சொன்னார்கள். உப்புப் போடுவதா ஐயா? நீர் ஓடக் கான் (வடிகால்) வெட்டியிருந்தால் போதாதா?

பதில்: தயவுசெய்து உப்புப் போட்டுவிடாதீர்கள். ‘ஸ்லோப்பிங் அக்ரிகல்ச்சுரல் லேண்ட் டெக்னாலஜி’ என்பதன் முதலெழுத்துகள்தான் சால்ட். சரிவு நில வேளாண்மைத் தொழில்நுட்பம் என்று பொருள். பிலிப்பைன்ஸின் மின்டனாவோ தீவில் 1970களில் உருவான முறை இது. சம உயரக் கோட்டில் நெருக்கமாக இரட்டை வரிசைச் செடிவேலி நட்டு, இரு வேலிகளுக்கிடையே பயிர் செய்வார்கள். கான் ஓடும் நீரை வழிநடத்தும். மண்ணோ கானுக்குள் வந்து நிரம்பும். வேலி, மண்ணை அது கிளம்பிய இடத்துக்குக் கிட்டவே மறிக்கும். ஆகவே கானை மூடாதீர்கள், இரண்டும் வேண்டும்.

வேலிக்கான கோட்டைக் கண்மதிப்பில் போடுவதுதான் பலரும் கெடும் இடம். வேலி சற்றுத் தாழ்ந்த இடத்தில் நீர் கூடி உடைத்துக்கொண்டு போகும். வேலி இல்லாததைவிட அது மோசம். மூன்று தடிகளால் ‘ஏ’ வடிவச் சட்டம் கட்டி, உச்சியிலிருந்து நூலில் கல்லைத் தொங்கவிடுங்கள். இரு கால்களையும் ஊன்றி, குறுக்குத் தடியில் நூல் படும் இடத்தைக் குறியுங்கள். ஒரு கால் நின்ற இடத்தில் மற்றக் கால் வரும்படி மாற்றி ஊன்றி மறுபடி குறியுங்கள். இரு குறிகளின் நடுப்புள்ளியில் நூல் நிற்கும்போது இரு கால்களும் ஒரே மட்டம். அப்படியே காலடி காலடியாக நகர்த்தி முளை அடித்துக்கொண்டு போங்கள். நிலம் உயரத்தில் ஒரு மீற்றர் இறங்கும் இடத்துக்கு ஒரு வேலி. சரிவு குறைந்த இடத்திலும் வேலிக்கு வேலி ஐந்து மீற்றருக்கு மேல் விடவேண்டாம். இரட்டை வரிசைக்குள் இடைவெளி அரை மீற்றர்.

வேலிக்குக் கீழ்நாட்டில் கிளிசரியா மரம் செழிக்கும். உங்கள் குளிரில் அது மந்தமாகத்தான் வரும். அதோடு காட்டுச் சூரியகாந்தித் தண்டுகளையும் கலந்து நடுங்கள். வீதியோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்பதுதான், காசில்லாமல் கிடைக்கும். ஒக்டோபர் மழை தொடங்கியதும் நடவேண்டும்.

முதற்போகத்தில் நிலம் முழுவதையும் கொத்தாதீர்கள். வேலி இன்னும் பிடிக்காத காலம் அது. இரு வேலிகளுக்கிடையே உள்ள ஒரு பட்டியைக் கொத்தினால் அடுத்ததை விட்டுவிடுங்கள். புல் மூடிய பட்டி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பாதி விளைச்சல் போகுமே என்று மனம் கேட்காது, தெரியும். மேல்மண் போனால் உரமூட்டையும் அதோடுதான் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வேலி தழைத்ததும் அரை மீற்றர் உயரத்தில் வெட்டி, தழையைப் பாத்திகளில் மூடாக்காகப் போடுங்கள். பயிருக்கு நிழல் விழும்வரை வளரவிடக் கூடாது. பாத்திகளையும் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் வேலி தாங்காது. தடித்த கிளிசரியாக் கிளைகளைக் காயவிட்டால் போஞ்சிக்குக் கம்பாகும். பச்சையாக ஊன்றினால் அதுவே துளிர்த்துப் பாத்தியில் மரமாகிவிடும்.