ஆட்டிசம் யார் பக்கத்திலிருந்து வந்தது?

கேள்வி: எங்களுக்குச் சோமனூர் பக்கம். மூன்றரை வயது மகனுக்கு ஆட்டிசம் என்று கோவையில் சொல்லிவிட்டார்கள். "உங்க ஊட்டுல இருந்துதான் வந்திருக்கோணும், உன்ற அண்ணனும் யாருகிட்டயும் பேசமாட்டானே" என்கிறார் மாமியார். எனக்கோ கணவர் மேல்தான் சந்தேகம். தறிக்குடோனில் சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் கல்யாண வீட்டில் மொய் எழுதிய கையோடு, சாப்பிடாமல்கூட வண்டியை எடுத்துவிடுவார். இது பரம்பரையா? நாங்கள் வேறு வேறு கூட்டம்தான் (குலம்). இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பதில்: பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் உங்கள் மாமியார் நினைப்பதுபோலச் சீதனத்தோடு சேர்ந்து ஒரே வீட்டிலிருந்து வந்து இறங்குவதில்லை.

2019-ல் ஐந்து நாடுகளின் குழந்தைகளை வைத்து வெளியான ஆய்வில், ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு சுமார் 80 சதவீதம் என்று வந்தது. அதை "100 பிள்ளைகளில் 80 பேருக்கு வரும்" என்று படித்துவிடாதீர்கள். ஒருவருக்கு இருப்பதும் இன்னொருவருக்கு இல்லாததும் எவ்வளவு தூரம் மரபணுவால் என்ற கணக்கு அது. பெரும்பாலான குழந்தைகளில் இதற்குப் பின்னால் இருப்பது ஒரு மரபணு அல்ல. தனித்தனியே பார்த்தால் மிகச் சிறிய விளைவுள்ள, நம் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிற பல மரபணு வேறுபாடுகள். அவற்றில் சில அப்பாவிடமிருந்து, சில அம்மாவிடமிருந்து. ஒருவரிடம் அவை கூட்டம் பிடிக்காத குணமாகவோ நுணுக்கமான கவனமாகவோ நின்றுவிடும். பிள்ளையிடம் கூடுதலாகச் சேரும்போது ஆட்டிசமாகத் தெரியலாம். ஆக உங்கள் அண்ணனின் பேசாத சுபாவம், கணவரின் காது இரண்டுமே பொருட்டாக இருக்கலாம். இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம், ஏனென்றால் கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக ஏற்படும் மாற்றங்களும் உண்டு. பஞ்சாயத்து வைத்தாலும் தீர்ப்பு கிடைக்காது.

மருமகளைக் குற்றம் சொல்வது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைக்காதீர்கள். 1943-ல் ஆட்டிசத்தை விவரித்த அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கானர் பெற்றோரின் ஒட்டாத சுபாவத்தையும் குறித்து வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைத் 'தாய்க்குப் பாசமில்லை' என்று திருப்பி, பல ஆண்டுகள் அம்மாக்களைக் குடைந்தார்கள். 1977-ல் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்த பிறகுதான் மரபு பக்கம் பார்வை திரும்பியது.

கணவருக்கு இப்போது பரிசோதனை எதுவும் வேண்டியதில்லை. அன்றாட வாழ்க்கைக்கு இடைஞ்சல் இல்லாத குணம் நோயாகாது. ஆனால் சிறு வயதில் சத்தமும் கூட்டமும் அவருக்கு எப்படி இருந்தது, எது உதவியது என்று கேட்டு, மகனுக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். அந்தத் தகவலுக்கு நல்ல மதிப்பு உண்டு.

அடுத்து, கூட்டம். வேறு கூட்டம் என்றால் ரத்த சொந்தமே இல்லை என்று அர்த்தமில்லை. மாமன் மகளும் வேறு கூட்டம்தான், ஆனால் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. அப்படி ஏதும் சொந்தம் இருந்தால் மரபியல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இன்னொன்று முக்கியம்: 'ஃப்ரஜைல் எக்ஸ்' என்ற, அறிவு வளர்ச்சியைப் பாதித்து ஆட்டிசத்தோடும் சேர்ந்து வரக்கூடிய மரபணுக் கோளாறு தாய்வழியில் அமைதியாக வரக்கூடியது, ஆண் பிள்ளைகளைத்தான் அதிகம் தாக்கும். உங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) ஐம்பது, அறுபதுக்கு மேல் கை நடுக்கமும் நடையில் தள்ளாட்டமும் வந்ததா? உங்கள் வீட்டுப் பெண்கள் யாருக்காவது நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றதா? அறிவு வளர்ச்சி குறைந்த மாமன், சித்தி மகன் உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தைக்கு ஃப்ரஜைல் எக்ஸ் ரத்தப் பரிசோதனையைத் தாமதிக்காதீர்கள். குரோமோசோம்களில் சிறு துண்டுகள் குறைந்தோ கூடியோ இருக்கிறதா என்று பார்க்கும் குரோமோசோம் மைக்ரோஅரே பரிசோதனையையும் கேளுங்கள். ஏதாவது தெரிந்தால் இரண்டாவது குழந்தை பற்றிய கணக்கே மாறும்.

எதுவும் தெரியவில்லை என்றால், ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் வருகிறது. ஆண் குழந்தைக்குச் சற்று அதிகம், பெண்ணுக்குக் குறைவு. ஐந்தில் நான்கு பேருக்கு வருவதில்லை. இது பயந்து நிறுத்தவேண்டிய அளவா என்பதை நீங்கள் இருவரும்தான் முடிவு செய்யவேண்டும், மாமியார் அல்ல. கர்ப்பத்தில் ஸ்கேன் எடுத்து ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது முடியும் என்றால் நம்பாதீர்கள். உங்களுக்கு வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை ஓடினால், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள், தானாக நிறுத்தாதீர்கள்.

பிறந்தபின் ஒன்பது மாதத்தில் பேர் சொன்னால் திரும்புகிறதா, ஒரு வயதையொட்டி விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள். 18, 24 மாதங்களில் கட்டாயம் பரிசோதனை. சந்தேகம் வந்தால் "பையனுங்க லேட்டாத்தான் பேசுவாங்க" என்ற பேச்சுக்குக் காத்திருக்காமல், காது கேட்கும் பரிசோதனை செய்துவிட்டு, அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் போங்கள். அங்கே பயிற்சி இலவசம். இப்போதைய மகனையும் அங்கே காட்டலாம்.